யானை லத்தியில் என்ன படிக்கிறீர்கள்? நீலகிரி, பழனி மலைக் காட்டுயிர்களும் மரபணு ஆய்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மசினகுடிப் பக்கம் கையில் சிறு புட்டியோடு குனிந்து நிற்கும் ஆளைப் பார்த்தால் ஊரார் இரண்டு விதமாகச் சிரிப்பார்கள். ஒன்று, "பாவம், படித்த பிள்ளை" என்ற சிரிப்பு. இன்னொன்று, கேள்வியோடு வரும் சிரிப்பு. அந்த இரண்டாவது வகைக்காரர்கள் தேநீர்க் கடையிலும் பேருந்திலும் கூடலூர்ச் சந்தையிலும் கொடைக்கானலிலும் என்னிடம் கேட்டவை இங்கே இருக்கின்றன. பதில்களைக் கடையில் சொன்னதைவிடக் கொஞ்சம் நிதானமாக எழுதியிருக்கிறேன்.

யானை லத்தியில் அப்படி என்னதான் இருக்கிறது?

யானை தின்ற மூங்கிலும் புல்லும் பட்டையும் பெருமளவு அரைகுறையாகவே வெளியே வருகின்றன. வரும் வழியில் குடலின் உள்சுவரை உரசிக்கொண்டு வருவதால், அந்தச் சுவரின் செல்கள் லத்தியின் மேல்பூச்சில் ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு செல்லிலும் அந்த யானையின் டி.என்.ஏ. முழுதாக இருக்கிறது. ஆகவே உருண்டையை உடைத்து உள்ளே தேடுவது வீண். வழவழப்பு காயாத மேல்தோலைக் கரண்டியால் வழித்து, கெடாமல் காக்கும் திரவத்தில் போட்டு மூடிவிட வேண்டும். புலி, செந்நாய் எச்சத்திலும் இதே வேலைதான். அவற்றில் தின்ற இரையின் டி.என்.ஏ.வும் சேர்ந்து வரும். ஒரே எச்சத்தில் செந்நாயும் இருக்கும், அது தின்ற புள்ளிமானும் இருக்கும். குடற்புழுக்களும் இருக்கும். நோயைத் தேடுகிறவருக்கு அந்தப் புழுக்கள்தான் முக்கியம்.

வெயிலும் மழையும் டி.என்.ஏ.வுக்கு ஆகாது. தென்மேற்குப் பருவமழையில் நனைந்த லத்தியை ஒரு முறை ஆசையாகச் சேகரித்து அனுப்பினேன். நாற்பது புட்டிகளில் பாதிக்குமேல் ஒன்றுமே வரவில்லை. அன்றிலிருந்து நேற்றைய லத்தியையும் இன்றைய லத்தியையும் தொட்டுப் பார்க்காமலே பிரித்துச் சொல்லும் வேட்டைத் தடுப்புக் காவலர்களோடுதான் நடக்கிறேன். அவர்களில் பலர் இருளர், குறும்பர், காட்டுநாயக்கர். ஆய்வகத்தின் தரம் அவர்கள் கண்ணில் தொடங்குகிறது என்பதை ஆய்வறிக்கைகளில் யாரும் எழுதுவதில்லை.

ஊசி போட்டு மயக்கி ரத்தம் எடுத்தால் வேலை சுலபமாயிற்றே?

மயக்கிய யானை சரிவில் விழலாம், நீரில் விழலாம், மூச்சு முட்டிச் சாகலாம். எண்ணிப் பார்க்கப் போய் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு வரக் கூடாது.

லத்தியை வைத்து யானைகளை எண்ண முடியுமா? ஒரே யானை பத்து இடத்தில் போட்டிருந்தால்?

அப்படிப் போட்டிருந்தால்தான் எண்ண முடியும். டி.என்.ஏ.வில் சில இடங்களில் ஒரே எழுத்துக்கோவை திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை திரும்புகிறது என்பது யானைக்கு யானை மாறுபடும். அப்படிப்பட்ட பத்துப் பன்னிரண்டு இடங்களைச் சேர்த்துப் பார்த்தால், நமக்குக் கைரேகை போல அந்த யானைக்கு ஓர் அடையாளம் கிடைத்துவிடும். முதல் நடையில் கிடைத்த யானைகளில் எத்தனை இரண்டாம் நடையிலும் திரும்ப வருகின்றன என்று பார்க்கிறோம். நிறைய வந்தால் காட்டில் யானை குறைவு. வந்த முகமே திரும்ப வரவில்லை என்றால் நாம் காணாதவை ஏராளம். குளத்து மீனை எண்ணுகிறவர்கள் குறியிட்டு விட்டுத் திரும்பப் பிடிப்பார்களே, அதே கணக்குதான்.

நாடு முழுவதும் இந்த முறையில் நடந்த முதல் யானைக் கணக்கெடுப்பின் முடிவு 2025 அக்டோபரில் வெளிவந்தது. 21,056 லத்தி மாதிரிகளில் 4,065 தனித்தனி யானைகள் அடையாளம் தெரிந்தன. அதிலிருந்து நாட்டில் உள்ளவை 22,446 என்று மதிப்பிட்டார்கள். பழைய கணக்கைவிடக் குறைவாக இருக்கிறதே, யானைகள் செத்துவிட்டனவா என்று பலர் பதறினார்கள். பழைய முறை வேறு, புதிய முறை வேறு. படியால் அளந்ததையும் தராசில் நிறுத்ததையும் கழித்துப் பார்க்க முடியாது. இனி இதே முறையில் எடுக்கப்போகும் அடுத்த கணக்குதான் கூடிற்றா குறைந்ததா என்று சொல்லும்.

நீலகிரி யானையும் ஆனைமலை, பழனிப் பக்கத்து யானையும் ஒன்றுதானே?

பார்வைக்கு ஒன்றுதான். மரபணுவில் அப்படி இல்லை.

வரைபடத்தில் கோயம்புத்தூருக்கு மேற்கே பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே அறுந்து கிடக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய், அகலம் சுமார் 30 முதல் 40 கி.மீ. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலையும் அதன் கிழக்குக் கையாக நீளும் பழனி மலையும். கோடையில் அந்தக் கணவாய்க் காற்றை வாங்கிக்கொண்டு ரயிலில் போகிற நமக்கு அது ஒரு வழி. மலையில் வாழும் உயிர்களுக்கு அது கடல்.

2024இல் வெளியான ஆய்வொன்று இந்திய யானைகளின் முழு ஜீனோமையும், அதாவது டி.என்.ஏ. முழுவதையும் படித்து அவற்றை ஐந்து தொகுதிகளாகப் பிரித்தது. அந்த ஐந்தில் மூன்று நம் பக்கத்தவை: பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒன்று, பாலக்காட்டுக்கும் செங்கோட்டைக் கணவாய்க்கும் நடுவே ஒன்று, செங்கோட்டைக்குத் தெற்கே ஒன்று. தெற்கே போகப் போக மரபணு வேறுபாடு குறைகிறது. வடக்கிலிருந்து சிறு சிறு கூட்டமாக இறங்கி வந்து குடியேறியதன் தடம் அது. கடைசி வீட்டுக்கு வந்து சேர்ந்த சொத்துதான் மிகக் குறைவு.

பறவைகளில் இது இன்னும் துல்லியம். சோலைக்காட்டுக்குள் தரையோரம் தத்தித் திரியும் நீலநிறச் சோலைக்கிளியை எடுத்துக்கொள்ளுங்கள். கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் இருப்பது ஓர் இனம், தெற்கே கொடைக்கானல் சோலைகளில் இருப்பது வேறு இனம். சிரிப்பான் பறவைகளும் அப்படியே, நீலகிரிக்கு ஒன்று, பழனிக்கு ஒன்று. 2017இல் டி.என்.ஏ.வைப் படித்தவர்கள், இவை இமயமலைப் பக்கத்துப் பறவைகளின் கிளை அல்ல, இந்த மலைகளுக்கே உரிய தனிப் பேரினங்கள் என்று கண்டு புதுப் பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்திலும் இப்போது 'சோலக்கிளி' என்றே அழைக்கிறார்கள். கொடைக்கானலில் ஒரு சோலை அழிந்தால், 'ஊட்டியில்தான் நிறைய இருக்கின்றனவே' என்று ஆறுதல் சொல்லிக்கொள்ள முடியாது என்பதுதான் இதன் நடைமுறைப் பொருள்.

வரையாடு ஆடு இல்லை என்கிறார்களே?

யாரோ பாதியைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். இமயமலையிலும் அரேபியாவிலும் இருக்கும் 'தார்' ஆடுகளுக்கு நம் வரையாடு தம்பி என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். கொம்பும் உடல்வாகும் அப்படி எண்ண வைத்தன. 2005இல் டி.என்.ஏ.வை ஒப்பிட்டபோது, இமயமலைத் தார் வெள்ளாட்டுப் பக்கமும் நம்முடையது செம்மறிப் பக்கமும் போய் நின்றன. அதன் பிறகு வரையாட்டுக்கெனத் தனிப் பேரினம் வந்தது. வெள்ளாடு, செம்மறி இரண்டையும் ஒரே 'ஆடு'க்குள் அடக்கும் தமிழுக்கு இதனால் பெயர் மாற்றும் வேலை வரவில்லை. 'நீலகிரி தார்' என்ற ஆங்கிலப் பெயர்தான் இன்னும் பழைய உறவைச் சுமந்துகொண்டிருக்கிறது.

2024இல் நடந்த மாநிலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் என்று மதிப்பிட்டார்கள். அவை ஒரே மந்தையாக இல்லை. முக்குருத்தியில் ஒரு பகுதி, ஆனைமலையில் ஒரு பகுதி, பழனி மலையில் சில சிறு கூட்டங்கள் என்று பாறை முகடுகளில் சிதறிக் கிடக்கின்றன. சிறு கூட்டம் தனக்குள்ளேயே இணைசேர்ந்தால் கெட்ட மரபணு இரண்டு பக்கமும் சேர்ந்துவிடும். ஒரு நோய் வந்தால் எல்லாம் ஒரே மாதிரி விழும். இங்கே மரபணுவும் உடல்நலமும் ஒரே கதை.

கொடைக்கானல் பேருந்து நிலையத்துக்கே வந்து நிற்கும் காட்டெருமை, எருமை இனம்தானா?

இல்லை, மாட்டு இனம். அதன் குரோமோசோம்கள் 58. நம் நாட்டு மாட்டுக்கு 60, எருமைக்கு 50. பெயரில் எருமை ஒட்டிக்கொண்டது கறுப்பு நிறத்தால் இருக்கலாம். 'காட்டுமாடு' என்று சொல்லும் ஊர்க்காரர்கள் அறிவியலுக்கு நெருக்கமாக இருக்கிறார்கள்.

இது வெறும் பெயர்ச் சண்டை அன்று. மாட்டுக்கு உறவென்றால் மாட்டு நோய்க்கும் உறவு. 1968இல் வெக்கை நோய் முதுமலைக் காட்டெருமைகளைக் கூட்டம் கூட்டமாக வாரிக்கொண்டு போனது. அந்த நோய் இப்போது உலகிலேயே இல்லை. 2011இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. கோமாரி இருக்கிறது. உங்கள் மாட்டுக்கு ஆறு மாதத்துக்கொரு முறை போடும் கோமாரி ஊசி, மேய்ச்சல் காட்டில் அதே நீரைக் குடிக்கும் காட்டெருமைக்கும் போட்ட மாதிரிதான்.

அப்படியானால் தொந்தரவு செய்யும் யானையைப் பிடித்துத் தெற்கே கொண்டுபோய் விடுவது சரியா?

2023இல் கேரளத்தின் சின்னக்கானலில் பிடித்த அரிக்கொம்பன் என்ற யானையை முதலில் பெரியாறு காட்டிலும், அது கம்பத்துக்குள் இறங்கிய பிறகு களக்காடு முண்டந்துறைப் பக்கத்திலும் விட்டார்கள். மேலே சொன்ன கணக்கில் அந்த யானை செங்கோட்டைக் கணவாயைத் தாண்டி, ஒரு தொகுதியிலிருந்து இன்னொரு தொகுதிக்கு லாரியில் போயிருக்கிறது. அது கெடுதல் என்று எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டேன். தெற்குத் தொகுதி மரபணு வறுமையில் இருக்கிறது, புதிய ஆண் ஒன்று வந்தால் நன்மையாகக் கூட முடியலாம். ஆனால் போகிற யானை மரபணுவை மட்டும் கொண்டுபோவதில்லை. தன் கிருமிகளையும் பழக்கத்தையும் அரிசி ருசியையும் சேர்த்தே கொண்டுபோகிறது. பிடித்த இடத்தில் ரத்த மாதிரி எடுத்து நோய் பார்த்து, எந்தத் தொகுதி என்று பார்த்து, அதன் பிறகு இடத்தை முடிவு செய்வதுதான் முறை. எந்தக் காடு காலியாகத் தெரிகிறது என்று பார்த்து முடிவு செய்வது முறை அல்ல.

சாலை, வேலி, ரிசார்ட் வந்ததால் யானைகள் பிரிந்துவிட்டன என்பதை மரபணு காட்டுகிறதா?

இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், இரண்டு தரப்பும். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மரபணு மெதுவாகப் பேசும். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே இன்று வேலி போட்டால், அவற்றின் மரபணு விலகுவதற்குப் பல தலைமுறைகள் ஆகும். யானைக்கு ஒரு தலைமுறை என்பதே 20, 25 ஆண்டுகள். பாலக்காட்டுக் கணவாய் மரபணுவில் தெளிவாகத் தெரிவதற்குக் காரணம், அது மனிதன் பிறப்பதற்கு முன்பே இருக்கிறது. பத்தாண்டுக்கு முன் போட்ட மின்வேலி தெரியாது. ஆகவே 'மரபணுவில் வேறுபாடு இல்லை, எனவே வேலியால் பாதிப்பு இல்லை' என்று யாராவது அறிக்கையைக் காட்டினால் ஏமாறாதீர்கள். வேலிக்கு முந்தைய உறவின் நினைவைத்தான் அந்த அறிக்கை படித்திருக்கிறது. சண்டை போட்டுப் பிரிந்த அண்ணன் தம்பியின் ரத்தத்தைச் சோதித்தாலும் அண்ணன் தம்பி என்றுதான் வரும்.

வேறுபாடு தெரிகிற அளவுக்கு வந்துவிட்டால் காலம் கடந்துவிட்டது. அதனால்தான் மசினகுடிப் பக்கத்துச் சீகூர் யானை வழித்தடத்துக்கு மரபணு அறிக்கைக்காகக் காத்திருக்க முடியாது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த வழித்தட அறிவிப்பை உறுதி செய்தது. யானைகள் நடக்கும் தடமே அங்கே போதுமான சாட்சி.

பிறகு இந்த ஆய்வால் இன்றைய பிரச்சினைக்கு என்ன பயன்?

யானையின் மரபணு மெதுவானது. கிருமியின் மரபணு வேகமானது. பல வைரஸ்கள் மாதக் கணக்கில் எழுத்து மாறுகின்றன. கொரோனா காலத்தில் புதுப்புது வகைகளின் பெயர்களைச் செய்தியில் கேட்டுக் கேட்டு நமக்கே அது மனப்பாடம். ஊர் நாயிடம் எடுத்த வைரஸும் செந்நாயிடம் எடுத்த வைரஸும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால், அந்த இரண்டும் அண்மையில்தான் உரசியிருக்கின்றன. புலியின் டி.என்.ஏ. தாத்தா காலத்துக் கதையைச் சொல்லும்போது, அதன் மூக்கிலிருக்கும் வைரஸ் போன மாதத்துக் கதையைச் சொல்கிறது.

எடுத்துக்காட்டு, நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர். 1994இல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதில் மடிந்தன. 2018இல் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது அதே வைரஸைக் கண்டார்கள். காட்டோர ஊரில் குப்பையைத் திறந்து போட்டால் நாய் பெருகும், நாயோடு இதுவும் பெருகும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் குப்பைத் தொட்டியருகே சிறுத்தை நாய் பிடிக்கும் படத்தைக் கைப்பேசியில் பகிரும்போது எனக்குச் சிறுத்தையின் வீரம் தெரிவதில்லை, அந்த நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தார்களா என்றுதான் தோன்றுகிறது.

காட்டில் யானை செத்துக் கிடக்கிறது. பி.சி.ஆர். பார்த்தால் காரணம் தெரிந்துவிடுமா?

பி.சி.ஆர். என்பது டி.என்.ஏ. துண்டைப் பல மடங்கு பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை. சில காரணங்கள் அதில் தெரியும். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய்க் கிருமியிடம் இரண்டு சிறு டி.என்.ஏ. வளையங்கள் தனியாக உண்டு, ஒன்றில் நஞ்சு, மற்றதில் அதன் கவசம். பி.சி.ஆர். அந்த இரண்டையும் தேடுகிறது. இரண்டும் இருந்தால் அடைப்பான்தான். சந்தேகம் இருந்தால் உடலை அறுக்கவே கூடாது. காற்றுப் பட்டால் கிருமி வித்தாகி மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். அதனால்தான் மருத்துவர்கள் காதோரத்திலிருந்து துளி ரத்தம் மட்டும் எடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். 'ஏன் இன்னும் போஸ்ட்மார்ட்டம் செய்யவில்லை' என்று சத்தம் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று யானைக் கன்றுகளைக் கொல்லும் ஹெர்பிஸ் வைரஸ். பெரிய யானைகளின் உடலில் சாதுவாக இருக்கும். தாய்ப்பால் எதிர்ப்புச் சக்தி குறையும் வயதில், பெரும்பாலும் ஒன்றிலிருந்து எட்டு வயதுக்குள், கன்றுக்குத் தலையும் நாக்கும் வீங்கி ஓரிரு நாளில் முடிந்துவிடும். 1995இல் வாஷிங்டன் விலங்குக்காட்சியில் இறந்த கன்றில்தான் இதை இனம் கண்டார்கள். இந்த வைரஸை ஆய்வகத்தில் வளர்க்க இன்னும் முடியவில்லை. மரபணுச் சோதனை இல்லாவிட்டால் இதைப் பற்றி நமக்கு ஏதும் தெரிந்திருக்காது. தெப்பக்காடு போன்ற முகாம்களில் கன்றுக்கு அறிகுறி தெரியும் முன்பே ரத்தத்தில் வைரஸ் ஏறுவதைப் பிடித்துவிட்டால், மருந்து கொடுக்க ஒரு வாய்ப்பாவது உண்டு.

மின்சாரம் தாக்கியதா, அவுட்டுக்காய் என்னும் தீனியில் மறைத்த வெடியைக் கடித்ததா என்பதற்கு மரபணு தேவையில்லை. கண் போதும்.

பிணந்தின்னிக் கழுகுகளையும் மரபணுவால் காப்பாற்றலாமா?

காப்பாற்ற முடியாது. அவற்றை அழித்தது மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலிமருந்து. செத்த மாட்டைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. 2006இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டையும் தடை செய்தார்கள். மெலாக்சிகாம் என்ற வலிமருந்து கழுகுக்குப் பாதுகாப்பானது. மாயாறு பள்ளத்தாக்கில் சிறியூர்ப் பக்கம் மருத மரங்களில் கூடு கட்டும் கழுகுகளின் உதிர்ந்த இறகை வைத்து எத்தனை தனிக் கழுகுகள், எது ஆண் எது பெண் என்று அறியலாம். பார்த்துச் சொல்ல முடியாத பறவை அது, அந்த வகையில் உதவிதான். ஆனால் உங்கள் ஊர் மருந்துக் கடையில் எந்த ஊசி விற்கிறது என்பது அந்த இறகைவிட முக்கியம்.

ஆட்கொல்லிப் புலி எது என்று டி.என்.ஏ. சொல்லுமா?

சொல்லும், தாமதமாக. காயத்தில் ஒட்டிய உமிழ்நீரிலிருந்து எடுக்கலாம். 2021இல் கூடலூர், மசினகுடிப் பக்கம் ஆட்களைக் கொன்ற டி23 என்ற புலியைத் தேடி மூன்று வாரம் காடு முழுக்க அலைந்தபோது கை கொடுத்தவை கேமராவும் கோடுகளும் கால் தடமும்தான். நீதிமன்றத்தில் நிற்க வேண்டும் என்றால் டி.என்.ஏ. வேண்டும்.

குழம்பில் இருக்கும் கறி கடமானா ஆடா என்று கூடவா?

செல்லுக்குள் மைட்டோகாண்டிரியா என்ற சிறு உறுப்புகள் ஏராளம், அவற்றுக்குத் தனி டி.என்.ஏ. உண்டு. வெந்த கறியிலும் அதன் துண்டுகள் மிஞ்சும். ஐதராபாத்தில் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையமான சி.சி.எம்.பி.யின் லாகோன்ஸ் ஆய்வகமும் வண்டலூர் உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனமும் இதைச் செய்கின்றன. மசாலா காப்பாற்றாது.

முதுமலைப் புலிகளுக்கு உள்ளுக்குள்ளேயே இணைசேரும் ஆபத்து உண்டா?

இப்போதைக்குக் கவலை குறைவு. முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே, வயநாடு, சத்தியமங்கலம் எல்லாம் தொட்டுக்கொண்டு கிடப்பதால் ஆண் புலிக்குட்டி வளர்ந்ததும் போக இடம் இருக்கிறது. இடம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒடிசாவின் சிமிலிபால். அங்கே தனித்துப் போன சிறு கூட்டத்தில் ஒரு மரபணுப் பிழை பெருகி, கோடுகள் அகன்று கறுத்த புலிகள் நிறையத் திரிகின்றன. படம் எடுக்கிறவர்களுக்கு அழகு. எனக்கு அது எச்சரிக்கை விளக்கு.

நானும் லத்தி, இறகு, எச்சம் சேகரித்து அனுப்பலாமா?

கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும். இறகு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருந்தாலும் வம்புதான். செத்துக் கிடக்கும் குரங்கைத் தொடவே கூடாது. 1957இல் கர்நாடகத்தின் கியாசனூரில் தொடங்கிய குரங்குக் காய்ச்சல் 2012இல் பந்திப்பூர் வரை வந்தது. செத்த குரங்கிலிருந்து இறங்கும் உண்ணி அடுத்த உடலைத் தேடும். தள்ளி நின்று வனக் காப்பாளரைக் கூப்பிடுங்கள்.

என் வாழைத் தோட்டத்தை இந்த மாதம் மூன்று முறை மிதித்தது ஒரே யானையா, மூன்று யானைகளா?

பந்தலூர் அண்ணன் ஒருவர் கேட்டது. மூன்று இரவின் லத்தியும் கிடைத்தால் சொல்லிவிடலாம். ஆணா பெண்ணா என்றும் சொல்லலாம். ஆனால் தகவல் வந்து நாங்கள் வனத்துறையினரோடு வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் மழை வந்துவிடுகிறது. காலையில் தோட்டத்துக்குப் போகும்போது லத்தியைக் கண்டால் அள்ளி எருக்குழியில் போடாதீர்கள், தொடவும் வேண்டாம். மேலே ஒரு பழைய கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொல்லி அனுப்புங்கள்.